என் மகன் ஓடிய சாலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் பேசியது)



நான் மைக்கைப் பிடித்தால் வரவு செலவு வாசிப்பேன், நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அந்த வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. இப்போது என்னைப் பேசச் சொல்லியிருப்பது வேறு. நம்ம கூட்டு ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் வருகிற மூன்று கிலோமீட்டர் சாலைக்கு என் பெரிய மகன் பெயர் எப்படி வந்தது என்று. "மலர்ல போடணும், முழுசா சொல்லுங்க" என்று தலைவி அக்கா கேட்டுக்கொண்டார். பக்கத்து ஊராட்சிச் சகோதரிகளும், எங்க ஊரிலும் இப்படி ஒரு பையன் இருக்கான், என்ன செய்யணும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று சொல்கிறேன். பலகையில் இருக்கிற பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவன் பெரியவன். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரியவன் பிளஸ் டூ முடித்ததும் ராணுவத்துக்குப் போகணும் என்று நின்றான். ஆளெடுப்பில் 1.6 கிலோமீட்டர் ஓடச் சொல்வார்கள். இவன் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கூட்டு ரோடு வரைக்கும் ஓடித் திரும்புவான். ஆறு கிலோமீட்டர் ஆச்சு. அப்போது அந்த ரோட்டில் தார் பெயர்ந்து ஜல்லிதான் கிடக்கும். சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிற பெண்கள் தினமும் பார்ப்பார்கள். "ஏண்டா, பேய் தொரத்துதா?" என்று கேட்பார்களாம். முதல் ஆளெடுப்பில் மார்பளவு போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் சர்வீஸ். காஷ்மீரில் எல்லைக் கோட்டுப் பக்கம் ரோந்தில் இருந்தபோது போய்விட்டான். கொடி போர்த்திய பெட்டியில் அதே ரோட்டில்தான் ஊருக்கு வந்தான். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் பேசவில்லை.

காரியம் முடிகிற வரைக்கும் வீடு நிறைய ஆள். ஒருவர் சிலை வைக்கிறேன் என்றார். இன்னொருவர் கூட்டு ரோட்டில் பெரிய வளைவு கட்டித் தருகிறேன் என்று டேப் வைத்து அளந்தே பார்த்தார். ஆறு மாதம் போனபிறகு யாரையும் காணோம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. துக்க வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மனுஷர் எதையாவது சொல்வதுதான்.

பெயர் வைக்கிற பேச்சை எடுத்தது காலனியில் இருக்கிற குழு. தவணை நிலுவை பார்க்க அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கணக்கெல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, பால் ஊற்றுகிற அக்கா ஒருவர், "அவன் ஓடின ரோட்டுக்கு அவன் பேர வெச்சா என்னங்க? எங்க கண்ணு முன்னாடி ஓடின புள்ள" என்றார். ஊக்குநர் உடனே நோட்டைத் திரும்பத் திறந்தார். உள்கடன் மூன்று பேருக்குக் கொடுத்ததற்குக் கீழே நான்காவது தீர்மானமாக எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

இதை நான் பெருமையாகச் சொல்வேன். 1989-இல் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஒரே மாவட்டம். அன்றைக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர்கள் சேமிப்பை மட்டுமா சொல்லிக்கொடுத்தார்கள்? பேசினதை எழுதி, எழுதினதை வாசித்து, வாசித்ததில் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தையும் கொடுத்தார்கள். துக்க வீட்டில் சொன்ன சிலையும் வளைவும் எந்த நோட்டிலும் இல்லை. பால்கார அக்கா சொன்னது நோட்டில் இருந்தது.

அப்புறம் விசாரிக்க ஆரம்பித்தோம். சின்னவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே எலஹங்கா பக்கம் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் சாலை என்று ஒன்று இருக்கிறது. 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டலில் தீவிரவாதிகள் புகுந்தார்களே, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போன கமாண்டோ படையில் இருந்தவர். 28-ஆம் தேதி அங்கேயே உயிர்விட்டார். வயது 31. பூர்வீகம் கேரளா, வளர்ந்தது பெங்களூர். அசோக சக்கர விருது கொடுத்தார்கள். சின்னவனிடம் போயிருந்தபோது அந்தச் சாலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். பலகையை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. கடைகளைப் பார்த்தேன். எந்தக் கடையில் விலாசம் எழுதியிருந்தாலும் அந்தப் பிள்ளையின் பெயர்தான். வீடு வாடகைக்கு விடுகிறவரும், பார்சல் கொண்டுவருகிற பையனும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆகணும். அவர்களில் பாதிப்பேருக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் பெயர் வாயில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து ஒரு சந்தேகம். மேஜருக்குச் சாலை வைப்பார்கள். திருச்சியிலும் கார்கில் போரில் இறந்த மேஜர் சரவணனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. என் மகன் ஆபீசர் இல்லையே, சிப்பாயாகச் சேர்ந்து நாயக் ஆனவன்தானே? இதை அவனுடைய படைப்பிரிவு சுபேதாரிடம் போனில் கேட்டேன். அவர்தான் ராஞ்சியைப் பற்றிச் சொன்னார். ஆல்பர்ட் எக்கா என்று ஒரு லான்ஸ் நாயக். இப்போதைய ஜார்க்கண்ட் மாநிலத்துக்காரர், பழங்குடிக் குடும்பம். 1971 யுத்தத்தில் டிசம்பர் 3-ஆம் தேதி கங்காசாகர் என்கிற இடத்தில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அடக்கப்போய் உயிரைக் கொடுத்தார். பரம்வீர் சக்கரம் வாங்கியவர். ராஞ்சி நகரத்தின் நடுச் சந்திப்புக்கே அவர் பெயர்தானாம். ஆனால் இன்னொன்றும் சுபேதார் சொன்னார். அந்த இடத்துக்குப் பழைய பெயர் அங்கே இருக்கிற ஒரு கடையின் பெயர். இன்றைக்கும் நிறையப் பேர் கடை பெயரைத்தான் சொல்வார்களாம்.

நமக்கு இது புதுசா? அண்ணா சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மெட்ராஸ்காரர்கள் இன்னமும் மவுண்ட் ரோடு என்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து வேடியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நம் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. வில்லோடு ஒரு ஆள் நிற்பான். பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம். அது நடுகல். மாட்டைக் காப்பாற்றவும் ஊரைக் காப்பாற்றவும் சண்டை போட்டுச் செத்தவனுக்கு எடுத்த கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் இப்படிக் கல் ஏராளம். யார், எந்த ராஜா காலம், எதுக்காகச் செத்தான் என்று சில கல்லில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல்லில், எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரனின் பெயரோடு, அவனுடைய நாயின் பெயரும் இருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயர். திருடர் இரண்டு பேரைக் கடித்து எசமானுக்குக் காவல் நின்றதாம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய நாயின் பெயர் இன்னமும் இருக்கு பாருங்கள். அவன் பொண்டாட்டி பெயர் இல்லை, அது வேற விஷயம்.

நம் ஏரிக்கரைக் கல்லில் எழுத்து தேய்ந்துபோச்சு. அவனும் ஒருத்திக்கு மகன்தானே. பெயர் போய், எல்லோரும் வேடியப்பன் ஆகிவிட்டார்கள். சாமியாக்கிக் கும்பிடுகிறோம், யார் என்று தெரியாது. இதை நினைத்து ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரியவனுக்கும் ஊர்க்கோடியில் ஒரு கல்லை வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாலை போட்டால், என் பேத்தி காலத்தில் அதுவும் "யாரோ பட்டாளத்துக்காரன்" ஆகிவிடும். தினமும் ஜனங்கள் ஏதாவது வேலைக்காகச் சொல்கிற இடத்தில் பெயர் இருக்கணும். சாலைதான் சரி என்று முடிவு செய்தது அப்போதுதான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். பல ஊரில் மனு வருஷக்கணக்காகச் சுற்றுவது இதனால்தான். மைல்கல்லின் தலையில் நிறம் இருக்கும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. ஊருக்குள் இருக்கிற தெரு ஊராட்சியுடையது. நம் கூட்டு ரோட்டைத் தொட்டுக்கொண்டு போகிற பெரிய ரோடு மஞ்சள் தலை. அதைக் கேட்டால் டில்லி வரைக்கும் போகணும். நாம் கேட்ட மூன்று கிலோமீட்டருக்குக் கறுப்புத் தலை. மாநில நெடுஞ்சாலைத் துறை பார்க்கிறது. அதனால் கிராம சபைத் தீர்மானம் ஒன்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்து, அங்கிருந்து துறைக்குப் போய், மேலே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் நாலு மாதம் ஆச்சு. எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்ற கணக்கு என் நோட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம். மனு கொடுத்தால் ரசீது எண்ணை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கிராம சபை அக்டோபர் 2-ஆம் தேதி வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நிஜமான பிரச்சினை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் நாலைந்து பெரியவர்களோடு வந்தார். பலகையில் பெயருக்குப் பின்னால் நம்ம ஜனத்துப் பட்டத்தைச் சேர்க்கணும் என்றார். "நம்ம பையன், நம்ம ஜனத்துக்கே பெருமை. சும்மா மொட்டையா பேர் போட்டா யார்னு தெரியும்?" என்று கேட்டார். அவர் நல்லவர். பெரியவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அதனால்தான் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சகோதரிகளே, நம் சாலை எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். கூட்டு ரோட்டில் இறங்கினால் முதலில் காலனி. அதைத் தாண்டித்தான் ஊர். பட்டம் போட்ட பலகையைக் காலனி வாசலில் நட்டால் அது வேறு எதையோ சொல்லும். நான் பேசுவதற்கு முன்னாலேயே காலனிக் குழு அக்கா, அதே பால்கார அக்கா, என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "அக்கா, தம்பி பேர் மட்டும்னா எங்க வீட்டு முன்னாடியே பலகைய நடுங்க. தண்ணி தெளிச்சு நாங்களே பாத்துக்கறோம். பின்னாடி பட்டம் வருதுன்னா, எங்க பக்கம் நடாதீங்க. நாங்க யாரும் சபைக்கு வரமாட்டோம்."

அன்று ராத்திரி பெரியவனின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். படையிலிருந்து வந்த கடிதம், அவனுடைய அடையாள அட்டை, பே புக், எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒன்பது வருஷத்துக் காகிதத்தில் ஒன்றிலாவது பட்டம் இருக்கா என்று பார்த்தேன். எண், பதவி, பெயர். அவ்வளவுதான். காலையில் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மாமா, கொடி போத்தும்போது நாட்டுக்குன்னு சொன்னாங்க. நாமளும் சரின்னு கும்பிட்டோம். இப்ப பலகைக்கு மட்டும் நம்ம ஜனத்துக்குன்னு எப்படி மாத்தறது? இவன் ஓடும்போது மொதல்ல பாத்ததே காலனிக்காரங்கதான்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர்தான் கோபமாகப் பேசினார், "பொம்பளைங்க குழு வெச்சதும் ரொம்பப் பேசுறீங்க" என்று. பேசத்தானே குழு வைத்தோம்?

சட்டமும் நம் பக்கம்தான் இருந்தது. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டத்தை எடுக்கச் சொல்லி எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1978-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது. பட்டத்தோடு மனு போனால் கோப்பு நகராது என்று அலுவலகத்திலும் சொன்னார்கள். அதையும் மாமாவிடம் சொன்னேன். ஆனால் சட்டத்தைக் காட்டி அவரை மடக்கியதாக இருக்கக்கூடாது என்று எனக்கு. அவன் பெரியப்பா மனசாரக் கை தூக்கணும்.

சபையில் நூற்றுக்கு மேல் பெண்கள். காலனியிலிருந்து ஒரு வீடு விடாமல் வந்திருந்தார்கள். தீர்மானத்தை வாசித்தபோது பெயர் மட்டும்தான் இருந்தது. மாமா கடைசி வரிசையில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். கை தூக்கினார். கொஞ்சம் தாமதமாகத்தான் தூக்கினார், ஆனால் தூக்கினார். கோபப்பட்டவர் வரவேயில்லை. அவர் இன்னமும் என்னிடம் பேசுவதில்லை.

பலகைச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டமைப்புப் பணத்திலிருந்து எடுக்கலாம் என்று சிலர் அன்பாகச் சொன்னார்கள். பொருளாளர் நானே. சமுதாய முதலீட்டு நிதியும் சுழல்நிதியும் கடனுக்காக வந்த பணம், என் மகனுக்கானாலும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 14 குழு, 168 பேர், ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தீர்கள். 1,680 ரூபாய். பலகையின் ஒரு கால்கூட அதில் வராது என்று வெல்டிங் கடைக்காரர் சிரித்தார். மீதியை இந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் போட்டார்கள். ஆனால் ரசீதில் முதல் வரி நம் 1,680-தான். அப்படித்தான் எழுதணும் என்று அவர்களே சொன்னார்கள்.

இப்போது என் மருமகளைப் பற்றி. அவள் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பேசாதீங்க அத்தை என்று சொல்லித்தான் வந்தாள், நான் பேசப்போகிறேன்.

பெரியவன் போனபோது அவளுக்கு 26 வயசு, குழந்தைக்கு நாலு வயசு. வேலை கிடைத்து டவுனில் வீடு எடுத்தாள். உடனே ஊரில் பேச்சு. பென்ஷனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மாமியாரை விட்டுவிட்டாள் என்று. என் காதுபடவே பேசினார்கள். குடும்பப் பென்ஷன் மனைவிக்கு உரியது. அவள் யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மாசாமாசம் எனக்கு என்ன தருகிறாள் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

வீட்டில் ராணுவப் பிள்ளை இருக்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். லீவில் வரும்போது கறி சமைத்துப் போடுவதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். கல்யாணம், குழந்தை பிறந்தது இதெல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்று படையின் பதிவில் ஏறணும். ஏறியிருக்கா என்று கேளுங்கள். வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயரே கிடந்தால், மாற்றச் சொல்ல வேண்டியது அம்மாதான். பெரியவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தான். அதனால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை தகராறு வரவில்லை. சாலைக்குப் பெயர் வைக்கவும் குடும்பத்தின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். முதல் கையெழுத்து அவள், அதற்குக் கீழே நாங்கள்.

திறப்பு விழாவில் திரையை யார் விலக்குவது என்று பேச்சு வந்தது. பெரிய மனுஷர் பெயரெல்லாம் வந்தது. நான் மருமகள் என்றேன். கூட்டத்தில் வயசான ஒரு அம்மா, "நல்ல காரியம் ஆச்சே, அவ கையாலயா?" என்று இழுத்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பழக்கம் அப்படி. அந்த அம்மாவும் முப்பது வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வந்து நிற்காதவர். அவரிடம், "யம்மா, அவ புருஷன் பேரு. அவ தொடாம யார் தொடறது? நீங்களும் வாங்க, பக்கத்துல நில்லுங்க" என்றேன். அன்றைக்கு வந்து நின்றார். வெற்றிலைத் தட்டு அவர் கையில்தான் இருந்தது. மருமகள் கயிற்றை இழுத்தபோது முடிச்சு மாட்டிக்கொண்டது. பேத்தி கீழே இருந்து துணியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள், வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் புளியமரத்தடியில் தள்ளியே நின்றார். எல்லோரும் போனபிறகு போய்ப் பலகையின் இரும்புக் காலை ஆட்டிப் பார்த்தார், உறுதியாக நட்டிருக்கிறார்களா என்று.

பலகை காலனி முன்னால்தான் நிற்கிறது. அந்த அக்கா சொன்ன இடத்தில்.

வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உண்மையைச் சொல்லணும் என்றால், டவுன் பஸ் கண்டக்டர் இன்னமும் "கூட்டு ரோடு, எறங்கு" என்றுதான் கத்துகிறார். நம்மில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். ராஞ்சியிலும் மெட்ராசிலும் நடப்பதுதான். அதற்காகத்தான் போன வருஷம் மசாலாத் தூள் பாக்கெட்டுக்குப் புது லேபிள் அடித்தபோது, விலாசத்தில் சாலை பெயரைப் போட வைத்தேன். லேபிளில் விலாசம் எப்படியும் போட்டே ஆகணும், பழசைப் போடுவானேன்? இப்போது மிளகாய்த் தூளும் ரசப்பொடியும் ஓசூர் வரைக்கும் அவன் பெயரோடு போகிறது. ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, வீரன் பெயரை மிளகாய்த் தூளில் போடலாமா என்றார். அவன் லீவு முடிந்து போகும்போது பையில் முதலில் வைப்பதே அம்மா இடித்த மிளகாய்த் தூள்தான். தாராளமாகப் போடலாம்.

வங்கிக்கு எழுதுகிற கடிதம், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் பள்ளியில் கொடுக்கிற விலாசம், எல்லாவற்றிலும் எழுதுங்கள். இதில் வேறு லாபமும் இருக்கிறது. சாலையில் மூன்று விளக்கு எரியவில்லை என்று முன்பெல்லாம் மனு கொடுத்தால் மாதக்கணக்கு ஆகும். போன தை மாதம் காலனிக் குழு, நாட்டுக்காக உயிர் கொடுத்த இன்னாருடைய சாலையில் விளக்கு எரியவில்லை என்று பெயரோடு எழுதிக் கொடுத்தார்கள். அதே வாரம் எரிந்தது. பள்ளத்தை மூடச் சொல்லி எழுதின மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவன் ஓடின காலத்து ஜல்லி இல்லையென்றாலும், ஏரிக்கரை வளைவில் இரண்டு இடத்தில் தார் போய்விட்டது. வருகிற கிராம சபையில் அதையும் எடுக்கணும். செயலாளர் குறித்துக்கொள்ளவும்.

கடைசியாக ஒன்று. பலகை மேல் போஸ்டர் ஒட்டுகிறார்கள். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிப் போஸ்டர் என்று அவன் பெயரில் முதல் இரண்டு எழுத்து மறைந்தே போச்சு. யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை, கிழித்து எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கணும். மருமகள் மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொரு லிட்டர் வாங்கி வந்திருக்கிறாள். எழுத்து எழுத ஆள் சொல்லியாச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வர முடிகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய துணியும், தேய்க்கத் தேங்காய் நாரும் கொண்டுவாருங்கள். பக்கெட்டும் தண்ணீரும் காலனி அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், எட்டுக்கு மேல் அங்கே நிழல் இருக்காது.